பலகைக்குக் கீழே

டெபோராவின் கல்யாண ஓலையைப் போதகர் முதல் தடவையாக ஆலயத்தில் வாசித்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அப்பா யோபு முன்வரிசையில், முதுகு பெஞ்சில் படாமல் உட்கார்ந்திருந்தார். பள்ளிப்பட்டு காலேபின் மகன் பென்சனுக்கும், திருத்தணி யோபுவின் மகள் டெபோராவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சபை அமைதியாக இருந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் வெறும் இருமல்தான் என்று உறுதியாகிற வரைக்கும் யோபு மூச்சு விடவில்லை.

மணவூரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சபைக் கமிட்டியில் அவர் சொன்ன வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் கஞ்சி போடாமல் அவர் உடம்பில் ஏறியதில்லை. அப்படிப்பட்டவர் ஓர் இருமலுக்குப் பயந்தார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

டெபோராவுக்கு இருபத்தைந்து வயதிலேயே தலை நரைத்துவிட்டது. அம்மா லோயிஸ் வழியில் எல்லாருக்குமே அப்படித்தான். காதோரத்தில் தொடங்கிய வெள்ளை ஒரே வருடத்தில் உச்சிக்கு ஏறியது. பெண் பார்க்க வந்த அரக்கோணத்துக் குடும்பம், பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "பொண்ணுக்கு வயசைக் கொஞ்சம் கொறைச்சிச் சொல்லிட்டீங்களோ?" என்று கேட்டது. யோபு எழுந்து வாசல் கதவை அகலமாகத் திறந்து வைத்தார். அவர்கள் போன கையோடு கடைக்குப் போய்த் தலைச் சாயம் வாங்கி வந்தார்.

சாயம் போட்ட நாலாவது மாதம் காதுக்குப் பின்னால் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு நெற்றி, கழுத்து, கண் இமை. சிவந்து, தடித்து, சில சமயம் நீர் கசிந்தது. அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் முன்னால் சொறியக் கூடாது என்று சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவாள்.

வேறு வீடாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அரசு மருத்துவமனை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே தோல் டாக்டர் அறைக்கு வெளியே ஒரு நீலப் பலகை தொங்கியது. 'தோல் மற்றும் தொழுநோய்ப் பிரிவு.' அதற்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. அரிப்புக்கு வந்தவனும் தேமலுக்கு வந்தவனும் அந்தப் பலகைக்குக் கீழேதான் உட்கார வேண்டும், போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி.

யோபுவின் தாத்தாவின் பெயரும் யோபுதான். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் அவர் அங்கே நோயாளியாக வந்தவர். ஆந்திரப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, மிஷன் நடத்திய தொழுநோய் இல்லத்துக்கு நடந்தே வந்து, அங்கேயே குணமாகி, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கினார். உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த வேதாகமத்து யோபுவின் பெயரை அவருக்கு வைத்தது ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். இதை யோபுவின் அப்பா சாகிற சமயத்தில் மகனிடம் மட்டும் சொன்னார். யோபு லோயிஸிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் மண்ணிலிருந்து எழுந்து நிற்க மூன்று தலைமுறை ஆகிறது. அதைச் சாய்க்க அந்த பெஞ்சில் ஒரு நாள் காலை உட்கார்ந்தால் போதும் என்று அவர் நம்பினார்.

அதனால் அவர் பஸ் ஏறி நகரிக்குப் போனார். எல்லைக்கு அந்தப் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. அங்கே சேட்டு என்பவன் ஒரு மருந்துக் கடை வைத்திருந்தான்.

"இன்னா சார், அரிப்பா? யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இந்த ட்யூப்பைப் போடுங்க. ரெண்டே நாள்ல மூஞ்சி நிலா மாதிரி ஆயிடும்."

ஆயிற்று. டெபோராவின் முகம் பளிச்சென்று ஆனது, முன்னைவிட ஒரு சுற்று வெளுப்பாகவே. ட்யூப் தீர்ந்ததும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மறுபடி நகரி, மறுபடி சேட்டு. வருடம் இரண்டு ஓடிற்று. பென்சன் வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று அவள் தலை கருகருவென்றும் முகம் பளபளவென்றும் இருந்தது. காலேபுக்கு ரொம்பத் திருப்தி. "உங்க குடும்பத்தைப் பத்தி விசாரிக்கவே வேணாம்னு எங்க சபையில சொல்லிட்டாங்க சம்பந்தி" என்றார். யோபுவுக்கு அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வாழ்ந்தது போல இருந்தது.

முதல் ஓலை வாசித்த மறுவாரம், ராத்திரி சாப்பாட்டின்போது, லோயிஸ் ரசத்தை ஊற்றிக்கொண்டே பொதுவாகச் சொன்னாள்: "இன்னிக்கு நானும் டெபோராவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம்."

யோபுவின் கை தட்டிலேயே நின்றது. "எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"நம்ம ஜி.ஹெச்.சுக்குதான் நைனா" என்றாள் டெபோரா. "துர்கான்னு ஒரு டாக்டரம்மா. நல்லா பேசறாங்க."

"அந்த பெஞ்சுல உக்காந்தியா?"

"உக்காராம? கூட்டம் அவ்ளோ."

"யார் யார் பார்த்தாங்க?"

டெபோரா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர் இன்னா சொன்னாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அரிப்பு வருவதற்கு முன்னால் என்ன செய்தாய் என்றுதான் டாக்டர் முதலில் விசாரித்தார்களாம். யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் சாயம். அது ஒவ்வாமை, யாருக்கும் ஒட்டாது, சாயத்தை விட்டால் போய்விடும். சென்னைக்குப் போனால் முதுகில் மருந்து ஒட்டிப் பார்த்து எது ஆகாது என்று உறுதியாகச் சொல்லிவிடுவார்கள். இனிமேல் கறுப்புச் சாயம் தலையில் படவே கூடாது, அடுத்த தடவை மூச்சுக்குழாய் வரைக்கும் வீங்கலாம். அப்புறம் அந்த ட்யூப். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முகத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. நிறுத்தினால் சில மாதம் முகம் நெருப்பாக எரியும், சிவந்து கிடக்கும், பிறகுதான் ஆறும்.

"சில மாசமா? அடுத்த மாசம் கல்யாணம்."

"கல்யாணத்தை நிறுத்தச் சொல்லல நைனா. பென்சன் வீட்டுல சொல்லிடலாம். எனக்கு நரை, எனக்கு அலர்ஜி. அவ்ளோதான? இதுல இன்னா அசிங்கம்?"

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணா போ."

"அப்புறம் அவங்க, ஏம்மா மறைச்சீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க."

லோயிஸ், "அவ சொல்றது நியாயந்தானேங்க" என்றாள்.

"நியாயம் எனக்குத் தெரியும். ரசத்தை ஊத்து."

டெபோராவுக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது. "பேசாம மலைக்குப் போயி மொட்டை போட்டுகினு, சந்தனம் பூசிகினு வந்துடட்டுமா? நம்ம ஊர்ல மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

லோயிஸ் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். யோபு சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவப் போனவரை டெபோரா பின்னாலேயே வந்து நிறுத்தினாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"நைனா, ஒண்ணே ஒண்ணு. என்னை ஒளிச்சு வைக்காதீங்க. ஒளிச்சு வைக்கிற அளவுக்கு நான் எந்தத் தப்பும் பண்ணல."

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது ஓலையும் தடையில்லாமல் வாசிக்கப்பட்டது. அன்றைக்கே காலேப் போன் செய்து, வருகிற சனிக்கிழமை கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகலாம், பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வருகிறார்கள் என்றார். யோபு போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். வகிட்டின் இரண்டு பக்கமும் விரல்கடை அகலத்துக்கு வெள்ளை எழும்பியிருந்தது. ட்யூப்பை நிறுத்தியதால் கன்னம் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

அவர் மனசாட்சி இல்லாத மனிதர் இல்லை. டாக்டர் சொன்னது அவர் காதில் விழாமலும் இல்லை. அதனால்தான் நகரிக்குப் போய்ச் சேட்டுவிடம், ரசாயனம் கலக்காத சாயம் இருக்கிறதா என்று கேட்டார். சேட்டு பச்சை இலைப் படம் போட்ட ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தான்.

"மூலிகை சார். அல்லாம் செடி கொடியில செஞ்சது. குழந்தைக்கே போடலாம்."

"அலர்ஜி வராதே?"

"இலை தழையில ஏது சார் அலர்ஜி?"

வெறும் இலைக்கு அந்தக் கறுப்பு வராது என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் படிக்கப் பார்த்தார், முடியவில்லை. பச்சை இலையை நம்பினார்.

டெபோரா பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது மூலிகைம்மா. விசாரிச்சுதான் வாங்கினேன். இந்த ஒரு தடவை. நைனாவுக்காக."

கடைசி வார்த்தையை அவர் அதற்கு முன் எதற்கும் சொன்னதில்லை. அவள் பாக்கெட்டைக் கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆங், சரி நைனா" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவள் கண்கள் இரண்டும் கோடாகிவிட்டிருந்தன. நெற்றி முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. உதடுகள் தடித்துப் புரண்டிருந்தன. தலைமுடிக்குள்ளிருந்து நீர் கசிந்து காதோரம் இறங்கியது. சொந்தத் தகப்பனுக்கே அடையாளம் தெரியாத முகம். யோபு வாசற்படியைத் தாண்டி அறைக்குள் போகவில்லை. நடுக்கூடத்துக்கு வந்து காலேபுக்குப் போன் போட்டார். டெபோராவின் சித்திக்கு உடம்பு சரியில்லை, அவளைப் பார்க்க டெபோரா அவசரமாகச் சென்னைக்குப் போயிருக்கிறாள், புடவையை நீங்களே பார்த்து எடுத்துவிடுங்கள் என்றார். ரயில் தாமதத்தை அறிவித்துப் பழகிய குரல், நடுங்கவில்லை.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு இல்லை, திரைதான். அவர் சொன்னது எல்லாமே அவளுக்குக் கேட்டிருக்கும்.

"ஜன்னலைச் சாத்து" என்று லோயிஸிடம் சொன்னார். "அந்த ட்யூப்பைப் போட்டு விடு. கமிட்டி கூடுது, போயிட்டு வந்துடறேன்."

லோயிஸ் அவரை ஒரு தடவை பார்த்தாள். இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

கமிட்டியில் ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது பற்றிப் பேசினார்கள். எந்த வெள்ளை, என்ன வெள்ளை என்று அவர் மனதில் எதுவும் பதியவில்லை. பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அனுராதா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், டெபோராவுக்கு மூச்சு உட முடியல. அம்மா ஆட்டோல கூட்டிகினு போனாங்க. நீங்க போனை எடுக்கலியாமே?"

போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார். கமிட்டி ஒழுங்கு.

அன்றைக்குக் கிருத்திகை. கடைத்தெருவில் காவடிகள் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் கூட்டத்துக்கு எதிராக நடந்தார். மொட்டையடித்த தலையில் சந்தனம் வழிய, ஒரு கல்யாண வயசுப் பெண் புருவத்துச் சந்தனத்தைத் துடைத்தபடி தன் அப்பாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்த அப்பனும் சிரித்தான். யோபு நின்று அவர்களைப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. கர்த்தாவே, அவளை மட்டும் எழுப்பிக் கொடு, பென்சன் வீட்டுக்கு நானே போய்ச் சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன், தாத்தாவைப் பற்றியும் சொல்கிறேன் என்று வாய்விட்டே சொன்னார். காவடி மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் நீலப் பலகைக்குக் கீழே கதவு சாத்தியிருந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஊசி போட்டாயிற்று, மூச்சு சீராகிவிட்டது, பயமில்லை, டாக்டர் சென்னை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் அம்மாவும் பெண்ணும் வெளியே வருவார்கள், உட்காருங்கள் என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அந்த பெஞ்சில், அந்தப் பலகைக்குக் கீழே. பக்கத்தில் ஒரு கிழவர் முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒரு தாயின் மடியில் சிரங்குக் குழந்தை. ஒன்றும் இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா என்று அவருக்குத் தோன்றியது. அவள் வெளியே வந்தவுடன் எழுந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சம்பந்தி! நீங்க எங்க இங்க?"

காலேப். கையில் மஞ்சள் பை. மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க இந்த மருத்துவமனைக்குத்தான் அவர் வருவார் என்பது யோபுவுக்குத் தெரியாது. காலேப் பலகையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தார்.

"யாருக்கு? இன்னா விஷயம்?"

இப்போது சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவள் பெயரை இந்தப் பலகையோடு சேர்த்து இவர் பள்ளிப்பட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால், அவளுக்கு எந்த வீட்டிலும் இடமிருக்காது. என் பெயரை எடுத்துக்கொண்டு போகட்டும். நான் கிழவன்.

"எனக்குத்தாங்க" என்றார். "கையில காலுல கொஞ்சம் அரிப்பு."

"அதுக்கு இங்கயா வரணும்? சொல்லியிருந்தா நானே நல்ல இடமாப் பார்த்திருப்பேனே" என்ற காலேப், தெரிந்தோ தெரியாமலோ சற்று நகர்ந்து உட்கார்ந்தார். அந்த நகர்வை யோபு பார்த்தார். அது தன் மேல் விழுந்ததில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

கதவு திறந்தது. லோயிஸின் தோளைப் பிடித்துக்கொண்டு டெபோரா வந்தாள். துப்பட்டா தோளில் கிடந்தது. தலையை மூடவில்லை. சாயம் பாதி கழுவப்பட்டுக் கறுப்பும் வெள்ளையுமாக முடி ஒட்டிக் கிடந்தது. ஒரு கண் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. அந்தக் கண்ணால் பெஞ்சைப் பார்த்தாள். அப்பா அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தலைக்கு மேலே பலகையையும் பார்த்தாள். வீங்கிப் புரண்ட உதடுகள் மெல்ல விரிந்தன.

காலேப் அவசரமாகக் கால்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார். மஞ்சள் பையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டதில், மகளைத் தாங்கிக் குனிந்து வந்த லோயிஸையும் அவர் கவனிக்கவில்லை. தாழ்ந்த குரலில், ஆனால் நன்றாகக் கேட்கும்படி, "ஐயோ பாவம், இன்னா நோவோ. உங்களையே பார்த்துகினு கீறாங்களே, தெரிஞ்சவங்களா சம்பந்தி?" என்றார்.

"இல்லீங்க" என்றார் யோபு. "யாருன்னு தெரியல."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

டெபோராவின் உதடுகள் பழையபடி கூடின. துப்பட்டாவை எடுத்துத் தலை மேல் போட்டாள். நெற்றிக்கு இழுத்தாள். பிறகு முகத்துக்கும் இழுத்து, கழுத்தில் சுற்றிச் செருகினாள். லோயிஸ் அவளை அணைத்தபடி நடத்திக்கொண்டு போனாள். லோயிஸ் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வெளியே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. நர்ஸ் கதவுக்கு வெளியே வந்து கத்தினாள்.

"டெபோரா! டெபோரா கூட வந்தவங்க யாரு? மாத்திரைய வாங்காமலே போயிட்டாங்க பாரு!"

பெஞ்சு முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. காலேப் பையைக் கீழே இறக்கினார்.

யோபு எழுந்து நின்றார். ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க எழுகிறவரைப் போல நேராக நின்றார். "நான்தாங்க" என்றார். குரல் நடை முழுவதும் கேட்டது. "டெபோரா என் பொண்ணு. நான் அவ அப்பா."

நர்ஸுக்கு அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாத்திரைகளை அவர் கையில் வைத்து, இது காலையில், இது ராத்திரி, இந்தத் தைலம் எரிச்சலுக்கு, சாயமும் பழைய ட்யூப்பும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள் என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "அவங்ககிட்ட சரியா சொல்லிடுவீங்களா பெரியவரே?" என்று கேட்டாள். "சொல்றேன்மா" என்றார்.

வாசலுக்கு வந்தபோது ஆட்டோ இல்லை. லோயிஸின் போன் அணைக்கப்பட்டிருந்தது. ஸ்டேஷன் பக்கமிருந்து சென்னை வண்டியின் ஹாரன் கேட்டது. அது எந்த வண்டி, எங்கெங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

காலேப் பின்னாலேயே வந்து நின்றார். கோபமாகத்தான் வந்திருப்பார். பக்கத்தில் வந்ததும் என்ன தோன்றிற்றோ, குரலை உயர்த்தவில்லை. சம்பந்தி என்றும் அழைக்கவில்லை.

"யோபு சார், அந்தப் பொண்ணு உங்களைப் பார்த்து சிரிச்சுது. நான் பார்த்தேன்."

யோபு மருந்துப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெயிலில், நேராக நின்றுகொண்டிருந்தார்.